நிலையும் நிலையாமையும்: நம்பர் கேர்ள் குழுவைக் கேட்ட கதை

நம்பர் கேர்ள் என்ற ஜப்பானிய ராக் குழுவின் பாடலொன்றை முதன்முறை கேட்டபோது என் ஹெட்போனில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். இரண்டு கிட்டார்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு தகரத்தைக் கிழிப்பதுபோல் ஒலித்தன. டிரம்ஸ் எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நின்றது. பாடுகிறவரின் குரலோ அடுத்த அறையிலிருந்து, அதுவும் சாத்திய கதவுக்கு அப்பாலிருந்து வருவதுபோலக் கேட்டது. ஒயரைச் சரிபார்த்தேன், வேறொரு ஹெட்போனை மாட்டிப் பார்த்தேன், அதன் பிறகே அது பழுதல்ல, அவர்கள் விரும்பி அமைத்துக்கொண்ட ஒலி என்று விளங்கியது. பாடகரின் குரலை இப்படிப் புதைத்துவிடுவானேன் என்ற கேள்விதான் என்னை அக்குழுவிடம் இழுத்துச் சென்றது. பல ஆண்டுகள் கேட்டுக் கேட்டு எனக்கென்று ஒரு விடை கிடைத்திருக்கிறது. அதை எழுதிவைக்கத்தான் இந்தப் பதிவு.

அவர்களுடைய பெயரை நான் அறிந்தது வேறொரு குழுவின் வழியாக. ஏஷியன் குங்ஃபூ ஜெனரேஷன் 2003இல் வெளியிட்ட முதல் முழு ஆல்பத்தில் 'என்.ஜி.எஸ்.' என்றொரு பாடல் உண்டு. அந்த மூன்றெழுத்தின் விரிவு 'நம்பர் கேர்ள் சிண்ட்ரோம்' என்று அறிந்தபோது, தன்னைப் பிடித்த நோய்க்கு இன்னொரு குழுவின் பெயரையே வைத்துக்கொண்ட அந்தப் பணிவு எனக்குப் பிடித்திருந்தது. நோயின் மூலத்தைத் தேடிப் போனவன் நானும் அதே நோயோடு திரும்பினேன்.

நம்பர் கேர்ள் 1995இல் ஜப்பானின் கியூஷூ தீவிலுள்ள ஃபுகுவோகா நகரில் உருவானது. பாட்டுக்கும் கிட்டாருக்கும் முகாய் ஷூதோகு, இன்னொரு கிட்டாருக்குத் தபுச்சி ஹிசாகோ, பேஸுக்கு நகாவோ கென்தாரோ, டிரம்ஸுக்கு அஹிதோ இனாஸாவா என்று அமைந்த நால்வரணி கடைசிவரை ஆள் மாறாமல் இருந்தது. ஃபுகுவோகாவுக்கு ராக் இசை புதிதல்ல. 1970களின் பிற்பகுதியில் அங்கிருந்து கிளம்பிய முரட்டு ராக் இசைக்கு, அவ்வூரின் பெயர்பெற்ற காரமான மீன்சினையை நினைவூட்டும் 'மெந்தாய் ராக்' என்ற பெயரே நிலைத்திருந்தது. ஆனால் இந்த நால்வரைப் பார்த்தால் முரட்டு மரபின் வாரிசுகள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மூக்குக்கண்ணாடியும் சாதாரணச் சட்டையுமாக நிற்கும் முகாயை ஏதோ அலுவலகத்தில் கணக்கெழுதுபவர் என்றுதான் நினைக்கத் தோன்றும். மேடையேறியதும் அவர், ஃபுகுவோகா நகரின் ஹகாதா வட்டாரத்திலிருந்து வந்திருக்கும் நம்பர் கேர்ள் நாங்கள் என்று மிகுந்த மரியாதைச் சொற்களில் அறிமுகம் செய்துகொள்வார். தோக்கியோவுக்குக் குடிபெயர்ந்த பிறகும் அந்த அறிமுகம் மாறவில்லை. அடுத்த நொடியே தொண்டை கிழியும் அலறல் தொடங்கும்.

இவர்களைப் போஸ்ட்-ஹார்ட்கோர் என்ற வகையில் சேர்ப்பது வழக்கம். 1980களில் அமெரிக்க ஹார்ட்கோர் பங்க் இசையின் வேகத்தையும் சினத்தையும் வைத்துக்கொண்டே, அதன் ஒற்றைத்தடப் பாய்ச்சலைக் கைவிட்டு, திடீர் நிறுத்தங்கள், இசைவு பிறழ்ந்த ஸ்வரங்கள், அமைதிக்கும் ஆரவாரத்துக்கும் இடையிலான தாவல்கள் ஆகியவற்றை உள்ளே கொண்டுவந்த குழுக்களுக்குப் பின்னாளில் நிலைத்த பெயர் அது. வாஷிங்டன் நகரின் ஃபுகாஸியும் மின்னியாபொலிஸ் நகரின் ஹஸ்கர் டூவும் இந்தப் பேச்சில் தவறாமல் வருபவர்கள். முகாய் தன் மூலங்களை ஒளித்துவைப்பவரும் அல்லர். பிக்ஸீஸ், ஹஸ்கர் டூ ஆகிய இரு அமெரிக்கக் குழுக்களின் பெயர்களையும் வெட்டி ஒட்டி 'பிக்ஸி டூ' என்று ஒரு பாட்டுக்கே தலைப்பு வைத்தவர் அவர். ஆயினும் இந்த முத்திரையை வைத்துக்கொண்டு நம்பர் கேர்ளைப் புரிந்துகொள்ளப் போனால் பாதி வழியில் நின்றுவிடுவோம் என்பது என் எண்ணம். ஹார்ட்கோர் மரபில் அலறல் என்பது எதிரே நிற்கும் ஒன்றை நோக்கிய அலறல்: அரசு, காவல்துறை, சமூகம், சில வேளைகளில் தானே. முகாயின் அலறலுக்கு எதிரே யாரும் இல்லை. அவருக்கு முன்னால் இருப்பது கடந்துபோன ஒரு கோடைகாலத் தெரு மட்டுமே.

அவர்களின் மிகப் பெயர்பெற்ற பாடலின் தலைப்பு 'ஒமோய்தே இன் மை ஹெட்'. ஒமோய்தே என்றால் நெஞ்சில் தங்கிவிட்ட பழைய நாட்களின் நினைவு. ஜப்பானிய மொழியில் 'கியோகு' என்று இன்னொரு சொல்லும் உண்டு. அது மூளையில் பதிந்திருக்கும் ஞாபகத்தைக் குறிக்கும் சற்றே வறண்ட சொல். முகாய் இரண்டையும் மாற்றி மாற்றிக் கையாள்கிறார். 1999 மே மாதத்தில், இசை வெளியீட்டுப் பெருநிறுவனமொன்றின் வழியாக வெளியான முதல் சிங்கிளான 'தோமெய் ஷோஜோ', அதாவது 'ஊடுருவித் தெரியும் பெண்', ஒற்றைக் கிட்டாரின் கரகரத்த மீட்டலோடு தொடங்கி, மற்ற மூவரும் ஒரே நேரத்தில் வந்து மோதியதும் வெடித்துக் கிளம்புகிறது. செந்நிறப் பருவம் வந்துவிட்டதென்றும், உராய்வு வேகம் கூடிக் கண்ணெதிரே உள்ள காட்சியும் ஞாபகமும் வெறும் மனமயக்கமாக உருமாறுகின்றனவென்றும் அதன் வரிகள் சொல்லிப்போகின்றன. மொழிபெயர்ப்பு ஒன்றில் இதைப் படித்த அன்றுதான் அந்தப் புதைந்த குரலின் நியாயம் எனக்குப் பிடிபட்டது. ஒரு முகத்தை நினைவுகூர்ந்து பாருங்கள்: அந்த இடத்தின் வெயில் நினைவில் நிற்கிறது, பக்கத்தில் ஓடிய ஏதோ ஓர் இரைச்சல் நிற்கிறது, பேசப்பட்ட சொற்கள் மட்டும் நழுவிவிடுகின்றன. நினைவு என்பது தெளிவான பதிவல்ல. அது டிஸ்டார்ஷன் ஏறிய பதிவு. நம்பர் கேர்ள் அந்தச் சிதைவையே வாத்தியமாக எடுத்துக்கொண்டது. 1999 ஜூலையில் வந்த ஆல்பத்துக்கு 'ஸ்கூல் கேர்ள் டிஸ்டார்ஷனல் அடிக்ட்' என்று பெயரிட்டவர்கள், பள்ளிப்பருவமும் ஒலிச்சிதைவும் ஒன்றென்று அட்டையிலேயே எழுதிவிட்டார்கள்.

வாத்தியக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் பெரும் பிழை. முகாயின் டெலிகாஸ்டர் கிட்டார் கூர்மையாக, எலும்பில் தட்டுவதுபோல் வெட்டி வெட்டி ஒலிக்கும். தபுச்சியின் ஜாஸ்மாஸ்டர் கிட்டார் அதற்கு நேர்மாறு. ஒரு ஸ்வரத்தைப் பிடித்து வளைத்து, சுதியின் விளிம்பிலேயே நிறுத்திக் கதறவிடும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாக வாசிப்பதில்லை, ஒன்றின்மேல் ஒன்று பேசுகின்றன. நகாவோவின் பேஸ் பல பாடல்களில் வண்டியை இழுக்கும் எஞ்சின். 2000இல் வந்த 'தெப்பூ சுருதொகு நத்தே' என்ற சிங்கிள் அந்த பேஸ் ஓட்டத்தோடுதான் கிளம்புகிறது. தலைப்பின் பொருள், இரும்புக் காற்று கூர்மையடைந்து என்பதாகும். இனாஸாவாவின் டிரம்ஸைப் பற்றி நான் என்ன எழுதினாலும் மிகையாகவே தோன்றும். இடைவெளி தெரியும் இடத்தையெல்லாம் உருட்டல்களால் நிரப்பிவிட்டு, தாளம் தவறிவிட்டது என்று நாம் அஞ்சும் கணத்தில் சரியாக வந்து இறங்குகிற வாசிப்பு அது.

ஒரு சங்கடத்தையும் சொல்லியாக வேண்டும். முகாயின் பாடல்களில் பதின்வயதுப் பெண்ணின் உருவம் ஓயாமல் வருகிறது. அந்தப் பெண் பேசுவதில்லை. பார்க்கப்படுகிறாள், தெருவைக் கடக்கிறாள், வெயிலில் கரைகிறாள். இன்றைக்குக் கேட்கும்போது அந்தப் பார்வை சில இடங்களில் என்னை நெளியவைக்கிறது. சில தலைப்புகளை உரக்கச் சொல்லவே தயக்கமாக இருக்கிறது. பாட்டுக்குள் நிற்பவன் அந்தப் பெண்ணை அறியாதவன், தன் மயக்கத்தைத் தவிர வேறெதையும் அறியாதவன் என்பதை வரிகளே ஒப்புக்கொள்கின்றன என்று வாதாடலாம். எனக்கு அதைவிட வலுவான சமாதானம் தபுச்சியின் கிட்டார்தான். 'தாத்தூ ஆரி' என்ற பாடலில் அவருடைய தனிவாசிப்பு தொடங்கும்போது, அதுவரை பார்க்கப்பட்டுக்கொண்டே இருந்த ஒருத்தி திரும்பிப் பார்த்துப் பேசத் தொடங்கியதுபோல் எனக்குத் தோன்றும். சொல் ஒன்றும் இல்லை. ஆனாலும் முகாய் அதுவரை பாடிய எல்லாவற்றையும் அது மறுத்துவிடுகிறது. இது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

அந்தப் பாடல் இடம்பெற்ற 'சப்புக்கேய்' ஆல்பம் 2000 ஜூலையில் வந்தது. அழகும் சுவையும் வற்றிப்போன வெறுமையான காட்சி என்பது அந்தச் சொல்லின் பொருள். மெர்குரி ரெவ், ஃபிளேமிங் லிப்ஸ் ஆகிய அமெரிக்கக் குழுக்களின் ஆல்பங்களால் அப்போது பெயர் பெற்றிருந்த டேவ் ஃப்ரிட்மன் அதன் தயாரிப்பாளர். முந்தைய ஆல்பத்தில் ஓர் ஒடுங்கிய அறைக்குள் மோதிக்கொண்டிருந்த ஒலி இங்கே பரந்த வெளிக்கு வந்துவிடுகிறது. டிரம்ஸ் மட்டும் நெஞ்சருகே வந்து உடைகிறது. கோடைத் தெருவும் பள்ளிப்பெண்ணும் மங்கி, கான்கிரீட்டும் இரவு விளக்குகளும் நிறைந்த பெருநகரம் உள்ளே நுழைகிறது. ஊரைவிட்டுத் தலைநகருக்கு வந்த நால்வரின் மனநிலையை இதில் காண்பது எளிது, சற்று அதிகமாகவே எளிது. ஆனால் நகரத்தின் நடுவே நின்றுகொண்டும் இது வெறுமை என்று பெயரிட முடிந்ததே, அது ஊரிலிருந்து வந்தவர்களுக்கே கைகூடும் துணிச்சல். ஒரே ஒரு ஆல்பத்தை மட்டும் கேட்பேன் என்பவருக்கு நான் இதைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

2002 ஏப்ரலில், மீண்டும் ஃப்ரிட்மனின் தயாரிப்பில் வந்த 'நம்-ஹெவிமெட்டாலிக்' அவர்களின் கடைசி ஸ்டூடியோ ஆல்பம். அதற்கு முன்னோடியாக வந்த சிங்கிளின் தலைப்பு 'நம்-ஆமி-தபுட்ஸ்'. ஜப்பானிய பௌத்தர்கள் ஓதும் 'நமு அமிதா புட்சு' என்ற தொடரை முகாய் குறும்பாக உடைத்து எழுதிய வடிவம் அது. அமிதாப புத்தருக்கு வணக்கம் என்ற வடமொழித் தொடர் சீனம் வழியாகச் சென்று ஜப்பானிய நாவுக்கு ஏற்பத் தேய்ந்துபோனது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பயணம் செய்த 'நமோ' என்ற சொல்லை ஃபுகுவோகாவிலிருந்து வந்த ஒருவர் கிட்டார் இரைச்சலுக்கு நடுவே வெட்டி எறிவதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பும் சிலிர்ப்பும் சேர்ந்தே வந்தன. அந்தப் பாட்டில் அவர் பாடுவதில்லை. ஓதுவதற்கும் உளறுவதற்கும் நடுவிலான ஒரு கதியில் சொற்களைக் கொட்டுகிறார். திருவிழாத் தாளமும், டப் இசையின் எதிரொலியும், உடைந்த அடிகளும் கலந்த அந்த ஆல்பம் பழைய நேயர்களைத் திகைக்கவைக்கக்கூடியது. எனக்கும் முதலில் பிடிக்கவில்லை. இப்போதும் முழுதும் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் அங்கே ஒரு மனிதர் தன் நினைவுகளிலிருந்து விடுபட வழி தேடுகிறார் என்பது தெளிவாகக் கேட்கிறது.

அந்த ஆண்டே எல்லாம் முடிந்தது. நகாவோ விலக விரும்பினார். இந்த நால்வர் சேர்ந்ததுதான் நம்பர் கேர்ள், ஒருவர் போனால் அந்தப் பெயர் இல்லை என்று முடிவுசெய்து குழுவையே கலைத்துவிட்டார்கள். 2002 நவம்பர் 30 அன்று வடக்கே ஹொக்கைதோ தீவின் சப்போரோ நகரில், பெனி லேன் 24 என்ற சிறிய அரங்கில் கடைசி நிகழ்ச்சி நடந்தது. அதன் பதிவு அடுத்த ஆண்டு இரண்டு குறுந்தகடுகளாக வெளிவந்தது. 1999இல் ஷிபுயாவில் பதிவான முந்தைய மேடை ஆல்பத்தைப் போலவே இதற்கும் ஊர்ப்பெயரில் தொடங்கி 'ஜோதாய்' என்று முடியும் தலைப்பு. ஜோதாய் என்றால் நிலை. 'சப்போரோ ஒமோய்தே இன் மை ஹெட் நிலை' என்று தமிழில் எழுதிப் பார்த்தால், ஏதோ மருத்துவக் குறிப்பில் நோயாளியின் நிலையை எழுதியதுபோல் இருக்கிறது. நான் அடிக்கடி திரும்பிச் செல்வது ஸ்டூடியோ ஆல்பங்களைவிட இந்தப் பதிவுக்குத்தான். கலையப்போகிறோம் என்று தெரிந்த நால்வர் வாசிக்கிறார்கள்; கண்ணீரோ உரையோ இல்லை, வேகம் மட்டும் கூடியிருக்கிறது.

பிறகு முகாய் 2003இல் ஸாஸென் பாய்ஸ் குழுவைத் தொடங்கினார். முதலில் இனாஸாவாவும் அதில் இருந்தார். தபுச்சி, முகாய் பெரிதும் மதித்த சப்போரோ குழுவான பிளட்தர்ஸ்டி புட்சர்ஸில் சேர்ந்து, அதன் தலைவர் யோஷிமுரா ஹிதெகி 2013இல் மறையும்வரை அங்கு வாசித்தார். ஸாஸென் பாய்ஸ் பாடல்களில் முகாய் திரும்பத் திரும்ப உச்சரிக்கும் தொடர் ஒன்று உண்டு: 'ஷோக்யோ முஜோ'. தோன்றியவை யாவும் நிலையற்றவை என்னும் பௌத்த வாக்கு அது. 'முஜோ' என்பது அநித்தியம் என்ற சொல்லின் ஜப்பானிய வடிவம். நம் மொழியில் நிலையாமை.

பதினாறு ஆண்டுகள் கழித்து, 2019 பிப்ரவரியில் மீண்டும் சேர்வதாக அறிவிப்பு வந்தது. அதில் முகாய் சொன்ன காரணம் இன்றும் எனக்கு மகிழ்ச்சி தருவது. முந்தைய ஆண்டின் கோடைத் தொடக்கத்தில் ஒரு நாள் தான் குடிபோதையில் இருந்ததாகவும், ரைஸிங் சன் இசைவிழாவில் அந்த மூவரோடு மீண்டும் வாசிக்க ஆசை வந்ததாகவும், கூடவே கொஞ்சம் சம்பாதிக்கவும் ஆசை வந்ததாகவும் எழுதியிருந்தார். மீண்டும் சேரும் குழுக்கள் இசையின் பெயராலும் நட்பின் பெயராலும் எத்தனை அழகான பொய்களைச் சொல்கின்றன என்பதை நினைத்தால், இந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு போடலாம். ஹொக்கைதோவின் இஷிகாரியில் நடக்கும் அந்த விழாவில் அவர்கள் வாசிக்கவேண்டிய நாள் 2019 ஆகஸ்ட் 16. புயல் வந்தது, அன்றைய நிகழ்ச்சிகள் அனைத்தும் ரத்தாயின. இரண்டு நாள் கழித்துத் தோக்கியோவின் ஹிபியா திறந்தவெளி அரங்கில் வாசித்தார்கள் என்றாலும், குடிபோதையில் பிறந்த அந்த ஆசை மட்டும் நிறைவேறாமல் நின்றது.

அடுத்து 2020 மார்ச் 1. கொரோனா பரவத் தொடங்கிய நாட்கள். தோக்கியோவின் ஸெப் அரங்கில் நடக்கவிருந்த நிகழ்ச்சியைப் பார்வையாளர் ஒருவரும் இல்லாமல் நடத்தி, யூடியூபில் நேரலையாக ஒளிபரப்பினார்கள். நான் அவர்களை 'நேரில்' பார்த்தது அப்படித்தான். ஒவ்வொரு பாட்டும் உச்சத்தில் முடிந்ததும் கைதட்டல் இல்லை. பெருக்கிகளின் ரீங்காரம் மட்டும் காலியான கூடத்தில் சற்று நேரம் தங்கி அடங்கியது. பதினேழு ஆண்டுகளுக்கு முன் சப்போரோவில் பதிவான கூட்டத்தின் கூச்சலைப் பல நூறு முறை கேட்டிருந்த என் காது, அந்த மௌனத்துக்குள் தானாகவே அந்தக் கூச்சலைக் கொண்டுவந்து நிரப்பிக்கொண்டது. முகாயின் தலை நரைத்திருந்தது. தபுச்சியின் கிட்டார் நரைக்கவில்லை.

ரைஸிங் சன் மேடையில் அவர்கள் ஏறியது 2022 ஆகஸ்டில். வாசிக்க ஆசைப்பட்ட அதே மேடையிலேயே, அந்த ஆண்டின் இறுதியில் மீண்டும் கலைவதாக அறிவித்தார்கள். 2022 டிசம்பர் 11 அன்று யோகோஹாமாவின் பியா அரீனாவில் நடந்த இறுதி நிகழ்ச்சிக்கு அவர்கள் வைத்த பெயர் 'முஜோ நோ ஹி', நிலையாமை நாள். முதல் முடிவுக்கு 'நிலை' என்று பெயர், இரண்டாம் முடிவுக்கு 'நிலையாமை' என்று பெயர். ஜப்பானிய மொழியில் இந்த இரு சொற்களுக்கும் உறவில்லை; 'ஜோதாய்' வேறு எழுத்து, 'முஜோ' வேறு எழுத்து, ஒலியில் மட்டும் ஒரு சிறு ஒற்றுமை. தமிழில் எழுதும்போது மட்டுமே அவை ஒரே வேரிலிருந்து கிளைத்து எதிரெதிரே நிற்கின்றன. முகாய்க்கு இது தெரியாது. தெரிந்தால் அதை வைத்து ஒரு பாட்டுக்குத் தலைப்பு எழுதியிருப்பார் என்று எண்ணிக்கொள்கிறேன்.

2024 ஜனவரியில் ஸாஸென் பாய்ஸின் புதிய ஆல்பம், பன்னிரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பின் வந்தது. அதில் முகாயின் குரல் தெளிவாக, ஒவ்வொரு சொல்லும் எண்ணிப் பார்க்கும்படி முன்னால் நிற்கிறது, நல்ல ஆல்பம்தான். அதைக் கேட்டு முடித்த இரவில் சப்போரோ பதிவை எடுத்து வைத்தேன். குரல் வழக்கம்போல் சாத்திய கதவுக்கு அப்பால்தான் இருந்தது. ஹெட்போனைச் சரிபார்க்க இப்போது கை போவதில்லை.